பாலிகையில் கேரட்

பள்ளிப்பட்டு
18-6-1973

தம்பி குப்புராஜுக்கு அக்கா ஜானகி எழுதுவது.

திருத்தணி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீடு சேர்ந்து, ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதிவிட்டாள் என்று நீ சொல்லிவிடக் கூடாது. யோசிக்க யோசிக்கக் கோபம் கூடத்தான் செய்கிறது.

நான் புதுவாயலுக்கு வந்தது உன் முகத்தைப் பார்க்க அல்ல. என் பெண் செல்லியம்மாள் வாழப்போகிற வீட்டைப் பார்க்க வந்தேன். உன் பையன் சேகர் நல்ல பிள்ளை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை, முறைப்பையன், செல்லிக்கும் அவன்மேல் இஷ்டம். அதெல்லாம் சரி. ஆனால் உன் வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரே ஒரு அறை. சிறுசுகள் இருவரும் இதில்தான் இருப்பார்கள் என்று நினைத்து அந்த அறைக் கதவைத் திறந்தேன். அந்துருண்டை நெடி மூக்கைப் பிடுங்கிற்று. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் டப்பா. பிஸ்கட் டப்பா, பால்பவுடர் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், தலைவலித் தைல சீசாவைக் கூட நீ விடவில்லை. அத்தனையிலும் விதை. ஒன்றைக் கையில் எடுத்தேன், "தொடாதக்கா, காத்து பட்டா வீணாப் பூடும்" என்று ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாய்.

அந்த நேரம் பார்த்து உன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு கடையில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறாள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அடுப்படியில் என்னிடம் சொன்னாள்: "நீங்க வேற அண்ணி. கல்யாணம் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து பாத்துக்கினு கீறேன். இந்தத் தோட்டத்துல ஒரு வெண்டிக்கா பறிச்சதில்ல. பாக்கெட்டு வாங்குவாரு, டப்பால போடுவாரு, மூடிய அழுத்துவாரு. கேட்டா வெதைக்கிற பட்டம் வரட்டும்ன்வாரு. இன்னா பட்டமோ, அது வந்துக்கினே கீது."

உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் பார்த்தேன். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற துளசிராமன், பள்ளிக்கூட வாத்தியார் ஆசீர்வாதம், அப்புறம் நீ. மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து பாக்கெட்டின் மேல் அச்சடித்த படத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறீர்கள். முட்டைக்கோஸ் படத்தைப் பார்த்து வாத்தியார் பெருமூச்சு விடுகிறார். தோட்டக்காரர்களாம்! மூன்று பேர் நகத்திலும் ஒரு பொட்டு மண் இல்லை.

இங்கே என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தார் ரங்கசாமி, செல்லியைத் தன் மச்சானுக்கு இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாப்பிள்ளைக்குப் பம்ப்செட் இருக்கிறதாம். முதல் தாரம் ஏன் செத்தாள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் முடியாது என்று நிற்கிறேன், உன் பையனை நம்பி. அந்த அறையைக் காலி பண்ணு. விதைத்துத் தீர், இல்லை எவனுக்காவது கொடு, இல்லை கோழிக்கு இறை. அறை இருந்தால்தான் பெண்.

ஜானகி


புதுவாயல்
25-6-1973

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுப் பழைய மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன். அதற்கு அதுதான் இடம்.

நெல்லும் வேர்க்கடலையும் தவிர உலகத்தில் வேறு பயிரே இல்லை என்று நினைப்பவர்களோடு தோட்டக்கலை பற்றிப் பேசுவது வீண். இருந்தாலும் கூடப் பிறந்த பாவத்துக்குச் சொல்கிறேன். விதைப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். காக்காய் கூடத்தான் விதைக்கிறது, எங்கே விதைக்கிறோம் என்று தெரியாமலே. சேகரிக்கத்தான் அறிவு வேண்டும். பூசா சவானி வெண்டை இந்த வட்டாரத்தில் முதலில் வாங்கியவன் நான். துளசிராமனிடம் இருக்கும் வெள்ளரி ஒன்று என்னிடம் இல்லை, அதை நினைத்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. பெங்களூரிலிருந்து கேட்லாக் வருகிற அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் தீபாவளி. இந்த ஏக்கமெல்லாம் ஆர்.கே.பேட்டைச் சந்தையில் வேர்க்கடலை மூட்டை போடுகிறவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?

ஏன் விதைக்கவில்லை என்று கேட்கிறாய். மண் தயாராக வேண்டாமா? தண்ணீர் உப்பாக இருக்கிறது. கம்பெனிகள் வேறு வந்துகொண்டிருக்கின்றன, புகை எப்படி இருக்குமோ தெரியாது. பாக்கெட்டைக் கிழித்துவிட்டால் கிழித்ததுதான். மறுபடி முழுசாகுமா?

உன் திருப்திக்காகச் சொல்கிறேன். ஆடி வரட்டும், எல்லாவற்றையும் விதைத்துவிடுகிறேன். அறை தானே காலியாகிவிடும். இது என் வாக்கு.

இன்னொன்று. நம் குடும்ப வழக்கப்படி பெண் வீட்டில் கிண்ணத்தில் முளைக்கப் போடும் பாலிகைக்கு விதை கொண்டுவருவது தாய்மாமன். சம்பந்தியும் நான்தான், தாய்மாமனும் நான்தான். அன்றைக்கு ஊரே பார்க்கும், ஜானகியின் தம்பி வைத்திருப்பது குப்பையா பொக்கிஷமா என்று.

குப்புராஜ்


பள்ளிப்பட்டு
30-7-1973

குப்புராஜுக்கு,

ஆடி பிறந்து பாதி ஓடிவிட்டது. போன வாரம் சேகர் இங்கே வந்திருந்தான். அப்பா ஏதாவது விதைத்தாரா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பெங்களூர்லேர்ந்து இன்னொரு பார்சல் வந்துக்கீது அத்த" என்றான். பாவம், பெற்றவனுக்காகப் பிள்ளை வெட்கப்படுகிறான். உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

உன் வாக்கை நான் எந்த டப்பாவில் போட்டு மூடுவது? ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. மூத்தார் நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் முந்திக்கொண்டேன். செப்டம்பர் பத்து, திங்கட்கிழமை, செல்லிக்கும் சேகருக்கும் முகூர்த்தம். அறையை எப்படியாவது காலி பண்ணிவிடுகிறேன் என்று சேகர் சொல்லியிருக்கிறான். அவன் சொல்லைத்தான் நம்புகிறேன், உன்னுடையதை அல்ல.

இப்போது காதைக் கொடுத்துக் கேள். முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்னால், செப்டம்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பாலிகை போடுகிறோம். ஐந்து மண் கிண்ணம். பாசிப்பயறு, காராமணி, மொச்சை, கொள்ளு என்று கடையில் பொட்டலம் கட்டித் தருவான், அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தால் போதும். பயறு இரண்டாம் நாளே தலை நீட்டும். அது எப்படி முளைக்கிறது என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார்கள். முளை சொத்தையாக வந்தால் போதும், மூத்தார் அதையே பிடித்துக்கொண்டு கல்யாணத்தை நிறுத்திவிடுவார். செல்லியை அந்த இரண்டாம் தாரக்காரன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார். என் வீட்டுக்காரர் அண்ணன் எதிரே வாய் திறக்க மாட்டார், உனக்கே தெரியும்.

இந்த ஒரு காரியத்திலாவது உன் மேதாவித்தனத்தை மூட்டை கட்டி வை.

ஜானகி


புதுவாயல்
20-8-1973

அக்காவுக்கு,

கடையில் பொட்டலம் வாங்கி வருவதா? நானா? துளசிராமனும் ஆசீர்வாதமும் கல்யாணத்துக்கு வருகிறார்கள். மளிகைக் கடைப் பயறோடு நான் அவர்கள் முகத்தில் விழிக்க முடியுமா?

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். என் தகுதிக்குத் தக்கதைக் கொண்டுவருகிறேன். நீ கிண்ணத்தையும் மண்ணையும் மட்டும் பார்த்துக்கொள். அதுதான் உங்களுக்குத் தெரிந்த வேலை.

குப்புராஜ்


பள்ளிப்பட்டு
5-9-1973

குப்புராஜ்,

தபாலுக்கு நேரமில்லை. உன் மாமாவிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வழக்கம்போல் ஒன்றும் பேச மாட்டார். பேச வேண்டியதை நான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாய். மஞ்சள் துணியை அவிழ்த்தாய். உள்ளே சீரகம் மாதிரி ஏதோ பொடிசாக இருந்தது. மூத்தார் பெண்டாட்டி அங்காளம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா குப்புராஜூ, ரசத்துக்கு வெச்சிருந்தத எடுத்துக்கினு வந்துட்டியா?" என்று கேட்டாள். "இது ஒசந்த ஜாதி, ஒங்குளுக்குத் தெரியாது" என்று நீ சொன்னாய். சுமங்கலிகள் சுற்றி நிற்கிறார்கள், மூத்தார் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அங்கே உன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் என் புத்தி கெட்ட வேளை.

இன்றைக்குப் புதன். ஐந்து கிண்ணமும் வெறும் மண்ணாக இருக்கின்றன. காலையில் மூத்தார் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இன்னா நைனா, மண்ணு மண்ணாவே கீது? டப்பு செலவு பண்ணிப் பந்தல் போட்டா ஆச்சா? சாமியே வேணான்னுது" என்றார். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பாராம். அப்போதும் முளைக்கவில்லையென்றால் பந்தலைப் பிரிக்க வேண்டாமாம். அதே முகூர்த்தத்தில், அதே மணையில், தன் மச்சானை உட்கார வைத்துவிடலாமாம். என்ன சிக்கனம் பார்.

செல்லி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன்னைத் திட்டக் கூடத் தெம்பில்லை குப்புராஜ். அது என்ன விதை? எப்போது முளைக்கும்? உண்மையை எழுதிக் கொடுத்தனுப்பு.

ஜானகி


புதுவாயல்
5-9-1973

அக்காவுக்கு,

மாமா வந்தார், காபி குடித்தார், கடிதத்தை நீட்டினார். பதறாதே. பதறுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

அது கேரட். சாதாரணக் கேரட் அல்ல, சீமைக் கேரட். மதராஸ் கண்காட்சியில் ஆறு வருஷத்துக்கு முன் வாங்கி, இதுவரை நான் யாருக்கும் கையில் கூடக் கொடுக்காத பாக்கெட். உன் பெண்ணுக்காகத்தான் அதைக் கிழித்தேன். கிழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சின்னப்பொண்ணு பார்த்துவிட்டுச் சிரித்தாள். இந்தத் தியாகத்துக்கு நீ கொடுக்கும் மரியாதை இது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு பாக்கெட்டின் பின்பக்கத்தை ஆசீர்வாதத்திடம் காட்டினேன். முளைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். இவ்வளவு நாளும் முன்பக்கத்துப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன், பின்பக்கத்தைக் கவனிக்கவில்லை. வேறென்ன செய்யலாம் என்று கேட்டேன். தண்ணீரைக் கூட்டச் சொன்னார் ஆசீர்வாதம். குறைக்கச் சொன்னார் துளசிராமன்.

ஆகவே நான் சொல்வது இதுதான். கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளிப்போடு. உன் மூத்தாரிடம் நிதானமாக எடுத்துச் சொல். முகூர்த்தம் இன்றைக்குப் போனால் நாளைக்கு வரும், இந்த ரகம் இனிமேல் கிடைக்காது. ஒருவேளை கல்யாணமே நின்றுபோனாலும் கிண்ணங்களைத் தூக்கி எறிந்துவிடாதே. நான் வந்து பத்திரமாக எடுத்துக்கொள்கிறேன்.

இதை நான் எழுதும்போது சேகர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது.

குப்புராஜ்


புதுவாயல்
19-9-1973

அன்புள்ள அக்காவுக்கு,

முளைத்ததா, இல்லையா?

கல்யாண வேலையில் உன்னிடம் தனியாக நாலு வார்த்தை கேட்க முடியவில்லை. அதனால் இப்போது கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் மாப்பிள்ளை வீட்டாராகப் பந்தலுக்குள் நுழைந்தோம். ஐந்து கிண்ணமும் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கேரட்டுத் தளிரப் பாத்தியா துளசிராமா, இன்னா கம்பீரம்!" என்றார். துளசிராமன் இலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீமச் சரக்கு சீமச் சரக்குதாம்ப்பா. நம்மூரு வெதைல இந்தப் பச்ச வராது" என்றார். உன் மூத்தார் ரங்கசாமி மூலையில் நின்றுகொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும்தான் பேசவில்லை. தோற்றுப்போனவர்கள் பேச மாட்டார்கள்.

பின்பக்கத்தில் போட்டிருக்கிற இரண்டு வாரமெல்லாம் சீமைக் குளிருக்கு. நம் வெயிலுக்கு ஒரு வாரம் போதும் என்று ஆசீர்வாதம் சொல்கிறார். இதைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதப் போகிறாராம்.

இந்த வெற்றிக்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? பெங்களூருக்குப் பெரிய ஆர்டர் போட்டிருக்கிறேன். அந்த அறை இப்போது போதவே போதாது. அறையைக் காலி பண்ண வேண்டும் என்று சேகர் முதல் நாள் சண்டைக்கு வந்தான். பாலிகை கண்ட விதையைத் தெருவில் வைக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன், அடங்கிவிட்டான். சேகரும் செல்லியும் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்கள். காற்று நன்றாக வருகிறது. நாங்களும் அங்கேதான் படுக்கிறோம், அதனால் செல்லிக்குப் பயமும் இல்லை.

இனியாவது என்னைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசி.

குப்புராஜ்


பள்ளிப்பட்டு
26-9-1973

குப்புராஜ்,

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணமான பெண்ணை மாமனார், மாமியாரோடு ஒரே கூடத்தில் படுக்க வைத்துவிட்டுக் காற்று வருகிறது என்று எழுதுகிறாயே, நீயெல்லாம் மனுஷனா? சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இனி முடியாது. கேட்டுக்கொள்.

அது பாசிப்பயறு.

உன் மாமாவை உன்னிடம் அனுப்பிவிட்டு, உன் பதிலுக்குக் காத்திராமல் அன்றைக்கே அடுப்படியில் பயறு ஊறப்போட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? மறுநாள் அவர் உன் பதிலைக் கொண்டுவந்தார். கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தாய். கல்யாணம் நின்றாலும் கிண்ணத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தாய். அடுப்பில் போட்டுவிட்டேன் அந்தக் கடிதத்தை. ஆண்களெல்லாம் வயலுக்குப் போனதும், உன் சீமைக் கேரட்டை மண்ணோடு எருக்குழியில் கொட்டிவிட்டு, புது மண் போட்டு, முளை கட்டிய பயறைத் தூவினேன். அங்காளம்மாள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். அந்த இரண்டாம் தாரக்காரன் அவள் கூடப் பிறந்த தம்பி. அவன் லட்சணம் அவளைவிட யாருக்குத் தெரியும்? "தண்ணி ஊத்து ஜானகி, சனிக்கெழமைக்குள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். சனிக்கிழமை மூத்தார் பார்த்தார். அவர் பார்த்தது பயறு. பாலிகையில் பயறு முளைத்தால் எந்த விவசாயியும் வாயை மூடிக்கொள்வான். அவர் உன் கேரட்டைப் பார்த்து மலைத்துப் போகவில்லை.

மலைத்துப் போனது நீங்கள் மூன்று பேர்தான். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இல்லாவிட்டால் அங்கேயே விழுந்து சிரித்திருப்பேன். கேரட்டை நானும் விதைத்ததில்லை, அது எப்படி முளைக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாசிப்பயறு முளை தெரியாமல் அதன் முன்னால் நின்று கண்ணீர் விட்ட விவசாயி மகனை நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்கில் விதை வாங்கியிருக்கிறாய், ஒரு முளையைக் கூட நீ கண்ணால் கண்டதில்லை. வாத்தியாரும் அப்படித்தான், டிக்கெட் கொடுக்கிறவரும் அப்படித்தான். வாத்தியார் கட்டுரை எழுதட்டும், நாடே சிரிக்கட்டும்.

அறையைக் காலி பண்ணு. அதில் இருப்பது பொக்கிஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஜானகி


புதுவாயல்
8-10-1973

அக்காவுக்கு,

பொறாமைக்கும் ஒரு அளவு உண்டு என்று நினைத்திருந்தேன்.

உன் கடிதத்தை ஆசீர்வாதத்துக்கும் துளசிராமனுக்கும் படித்துக் காட்டினேன். மூன்று பேரும் சிரித்தோம். கேரட்டை விதைத்ததே இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு முளைத்தது கேரட் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்? இந்த ஓட்டையை ஆசீர்வாதம்தான் முதலில் கண்டுபிடித்தார். படித்தவர் படித்தவர்தான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. செல்லியைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். கிண்ணத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். முழுவதும் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கேரட்டுதான் மாமா. நான்தானே தண்ணி ஊத்தினேன், எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு இப்பல்லாம் கண்ணு செரியாத் தெர்ல. யாராவது கேட்டா பயறுன்னுதான் சொல்லிக்கினு கீது" என்றாள். நீ பெற்ற பெண் சொல்கிறாள், கேட்டுக்கொள்.

அறிவுள்ள பெண் அக்கா அவள். உனக்குப் பிறந்தவள் என்று நம்பவே முடியவில்லை. மறுநாள் அவளே என்னிடம் வந்து, "பாலிகைல மொளச்ச வெதன்னா அது சாமி வெத மாமா. அதோட கூடப்பொறந்த வெத டப்பால்லாம் பொம்பளைங்க பொழங்கற எடத்துல வெச்சிக்கினு கீறீங்களே, தீட்டுப் படாதா? பட்டா எப்படி மொளைக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லையே! ஆசீர்வாதம் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், தீட்டெல்லாம் பார்க்காதவர், அவரே விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் பண்ணி, பலகை அடித்து, பூட்டுப் போட்டு, டப்பாக்கள் அத்தனையையும் நாங்கள் மூன்று பேரே சுமந்து கொண்டுபோய் வைத்துவிட்டோம். செல்லி வாசலில் நின்று கற்பூரம் காட்டினாள். அறையைக் கழுவிவிட்டுச் சேகரும் அவளும் இப்போது அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் உன் கடிதம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. கொட்டகைக் கூரை ஒழுகும், ஐப்பசி மழை வருகிறது. முளைத்தது வெறும் பாசிப்பயறுதான் என்றால் என் விதைகளுக்குத் தீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாளைக்கே எல்லாவற்றையும் மறுபடி அறைக்குக் கொண்டுவந்துவிடுவேன். நான் இப்படிச் சொன்னதிலிருந்து செல்லி முகம் வாடிப்போயிருக்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. ஆகவே யோசித்து, உண்மையை மட்டும் எழுது. பாலிகையில் முளைத்தது கேரட்டா, பாசிப்பயறா?

குப்புராஜ்


பள்ளிப்பட்டு
13-10-1973

தம்பி குப்புராஜுக்கு அக்கா ஜானகி எழுதுவது.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். செல்லி சொன்ன இடம் வந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமாக நான் கத்திக் கத்தி ஒரு டப்பாவை நகர்த்த முடியவில்லை, நேற்று வந்தவள் ஒரு கற்பூரத்தைக் காட்டி நகர்த்திவிட்டாள். இதை எழுதும்போது வயிறு எரிகிறது. அதை நீ பொறாமை என்றே வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு, அவளே படிக்கட்டும்.

செல்லி சொன்னதுதான் சரி. எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. முளைத்தது கேரட்தான்.

ஜானகி